கழுவாமல் விட்டுப்போன கத்தி

தம்பிக்கு,

அன்றைக்கு நீ போனில் கேட்டதும், "கடைக்கு ஆள் வந்திருக்கு, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன் அல்லவா? கடைக்கு ஒரு ஈ காக்காய் வரவில்லை. எதிர்ப்பக்கத்துப் பேக்கரியையே மறைத்துக்கொண்டு மூடுபனி நின்றது. அந்தக் குளிரில் யார் ரவிக்கை தைக்க வரப்போகிறார்கள்? நீ கேட்டது அப்படி. "நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துர்றேன். கடையப் பாத்துக்கிட்டு உங்ககூடவே இருந்துர்றேன்" என்றாய். எத்தனை வருசமாக இந்தப் பேச்சுக்காக நான் ஏங்கிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியாது. வாய் நிறைய 'வா' வந்து நின்றது. அதை விழுங்கத்தான் போனை வைத்தேன். பதிலை எழுதியே அனுப்புகிறேன். போனில் என்றால் நான் பாதியில் அழுவேன், நீ "சரி விடும்மா, சாப்டியா?" என்று பேச்சை மாற்றுவாய். கடிதத்தில் அந்த வித்தையெல்லாம் நடக்காது.

உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் வத்தலக்குண்டில் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தார். "இதுல யோசிக்க என்ன கெடக்கு? ஒத்த வார்த்தை. வரச் சொல்லிரு. எனக்கும் மலையில ஏறி எறங்கி இடுப்பு விட்டுப் போச்சு" என்றார். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். "அவன் ஒங்கிட்டல்ல கேட்டான்" என்று டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பனியில் நின்று என்னத்தைப் பார்த்தாரோ. நீ கிளம்பிப் போன ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் பஸ் மறைந்த பிறகும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நிற்பவர்தான். கேட்டால் டயரைப் பார்த்தேன் என்பார்.

நம் ஊரில் பிறந்த பிள்ளை, ஏரித் தண்ணீரில் காலை நனைத்தாலே ஜலதோஷம் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளை, அந்தமானுக்கு ஓட்டல் வேலைக்குப் போய், அங்கிருந்து கடலுக்குள் முங்கி ஊராருக்குப் பவளப்பாறை காட்டுகிறவன் ஆவான் என்று யார் கண்டது? நான் கண்டேனா? முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீ அனுப்பிய முதல் படத்தைப் பார்த்து, கண்ணாடிக்குள் இருப்பது என் பிள்ளைதானா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயந்தேன், திட்டினேன், குலசாமிக்குக் காசு முடிந்துவைத்தேன். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வந்து நீ பேசுகிற அன்றைக்கு உன் குரலே வேறு. அதை மட்டும் நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

போன வருசம் ஆயுத பூஜைக்கு நீ இங்கே இருந்தாய். அங்கே மழைக்காலம், கடல் வேலை கிடையாது என்று வந்திருந்தாய். நான் கடையைக் கழுவி, இரண்டு மெஷினுக்கும் மாலை போட்டு, கத்தரிக்கோல், டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாம் வரிசையாக வைத்தேன். அப்பா வண்டிச் சாவியை வைத்தார். நீ குளிக்கப் போயிருந்தாய். பிள்ளையின் தொழில் சாமானும் ஒன்று சாமிமுன்னே இருக்கட்டும் என்று உன் பையைத் திறந்தேன். கையில் அகப்பட்டது, கடலுக்குள் நூலோ வலையோ மாட்டினால் நீ வெட்டுகிற அந்த லைன் கட்டர்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற மஞ்சள் சாமான். முனையில் கொக்கிபோல ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ளே பிளேடு ஒளிந்திருந்தது. விரல் போனால் வெட்டாது, நூல் போனால் விடாது. எனக்கு ஒரே சந்தோஷம். தையல் பிரிக்கிற கொக்கிக்கு இது அண்ணன் அல்லவா, கடலுக்குள் போயும் பிள்ளை நம் வீட்டுச் சாமானைத்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்தப் பள்ளத்திலேயே அப்பி, மேலே குங்குமத்தை வைத்தேன். கத்தரிக்கோலுக்கும் வாயருகேதானே வைக்கிறோம்!

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த நீ அதைப் பார்த்ததும், "ஐயையோ, என்னம்மா பண்ணி வச்சிருக்க! இதுக்குக் கல்யாணமா?" என்று கத்தினாய். உடனே எடுத்துக் கழுவப் போனவனை நான்தான் தடுத்தேன். "தொடாத! பூசையில வச்சத இன்னைக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு எடுத்து, அதால ஒரு சோலியாவது செஞ்சுட்டுத்தான் மத்த வேலை" என்றேன். மறுநாள் பார்த்தால் சந்தனம் சிமெண்டாக இறுகிப் போயிருந்தது. நீ திட்டவில்லை. என் மெஷின் ஸ்குரூ டிரைவரை வாங்கி, ஒரு சாசரில் திருகுகளைக் கழற்றி வைத்து, பிளேடை வெளியே எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். எவ்வளவு நாளாயிற்று நீ எனக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லி! சாமான் என்னவாக இருந்தால் எனக்கென்ன, நீ பேசிக்கொண்டே இருந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சொன்னது எல்லாம் மனசில் நின்றுவிட்டது.

கடலிலிருந்து வந்ததும் முதல் வேலை இதை நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது என்றாய். மேலே அலசினால் போதாது, பள்ளத்துக்குள் உப்பும் மண்ணும் உட்கார்ந்திருக்கும், அவ்வப்போது திருகைக் கழற்றிக் கழுவ வேண்டும், துடைத்து நிழலில் காயவிட வேண்டும் என்றாய். "தேங்கா எண்ணெ போடட்டா?" என்றேன். "இந்தக் குளிருக்கு மெழுகா ஒறஞ்சு போகும்" என்று சிரித்தாய். மெஷின் எண்ணெயும் ஆகாது, அது ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கேடு, சிலிக்கான் கிரீஸை ஒரு பொட்டு தடவினால் போதும் என்றாய். பிளேடில் சின்னப் பொக்கையோ துருவோ தெரிந்தால் யோசிக்காமல் மாற்று, சாணை பிடிக்கிற வேலையே கூடாது என்றாய். மெஷின் காலில் ஒரு நைலான் நூலைக் கட்டி என்னையே வெட்டிப் பார்க்கச் சொன்னாய். நான் கத்தரிக்கோல் பழக்கத்தில் அறுக்க அறுக்க நூல் நழுவியது. "அறுக்காதம்மா. நூல ஒரு கையால விறைப்பாப் பிடி, கொக்கியில மாட்டு, ஒரே இழுப்பு" என்றாய். டக்கென்று போயிற்று. நான் சின்னப் பிள்ளைபோல இன்னொரு நூல் கேட்டேன். அந்த ஜோரில் துணி பண்டல்மேல் இருந்த தகரப் பட்டையில் அதை மாட்டப் போனேன் பார், எப்படிக் கத்தினாய்! "நூலு, கயிறு, வலை தவிர இதுல எதையும் வெட்டக்கூடாது! உசுரக் காக்குற சாமான்!" துணி வெட்டும் கத்தரியால் நீ பள்ளிக்கூடத்துக் காகிதம் வெட்டியதற்கு நான் உன் முதுகில் ரெண்டு வைத்தேனே, அதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அன்றைக்குக் கடையில் நாம் சிரித்த சிரிப்பை இப்போதும் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். மெஷினை நிறுத்திவிட்டு நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு சீசன் முடிகிற நேரத்தில் அது நடந்தது. நீ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றாய். நான் லீவு என்று நம்பி, பிளம்ஸ் வாங்கிவரச் சொல்லி அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், பட்டன் தைத்துக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். யாரோ விட்டுவிட்டுப் போன மீன்வலை பவளப்பாறையில் சுற்றிக் கிடந்ததையும், அதை எடுக்க நீயும் உன் கூட்டாளி சுனிலும் இறங்கியதையும், வலை உன் முதுகுச் சிலிண்டரில் மாட்டிக்கொண்டதையும் சொன்னாய். என்ன மாட்டியது என்று பார்க்கத் திரும்பித் திரும்பி நீயே அதைச் சுற்றிக்கொண்டாய். மாட்டினால் முதலில் அசையாமல் நில், மூச்சை நிதானமாக விடு, திரும்பாதே, கூட்டாளிக்குக் கைகாட்டு, பிறகு கட்டரை எடு என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நீ, அதில் ஒன்றையும் செய்யவில்லை. சுனில்தான் வந்து உன் தோளைப் பிடித்து, உன் கண்ணுக்கு நேரே நின்று, உன்னை மூச்சு விடவைத்து, தன்னுடைய கட்டரால் இழை இழையாக வெட்டி விட்டான். "என்னோடது என் நெஞ்சு மேலயே இருந்துச்சும்மா. கை போகல. எனக்கெல்லாம் சொல்லிக் குடுக்க என்ன யோக்கியதை இருக்கு?" என்றாய். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தேன். வாயில் வந்தது, "சோறு போடட்டா?" என்பதுதான்.

இப்போது சொல்கிறேன், கேள். என் ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறதே, ஊசி இறங்கிய தழும்பு என்று உனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. விரலில் ஊசி இறங்கிவிட்டால் கையை இழுக்கக்கூடாது. மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே தூக்கினால் விரல் தானாக வரும். தையல் பழக வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே நான் இதைச் சொல்லித் தருவேன். என் விரலில் இறங்கிய அன்று என்ன செய்தேன் தெரியுமா? வெடுக்கென்று இழுத்தேன்! பாதி ஊசி விரலுக்குள்ளேயே முறிந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுத்தார்கள். காயம் ஆறிய பிறகும் நான் மெஷினில் உட்காரவில்லை. பட்டன் தைக்கிறேன், ஓரம் அடிக்கிறேன் என்று கைவேலையாகவே நாளைக் கடத்தினேன். உன் அப்பாவும் ஏனென்று கேட்கவில்லை. ஒருநாள் காலையில் நீதான் கிழிந்த டிராயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாய். "வெரசாத் தச்சுக் குடும்மா, பெல் அடிச்சிரும்" என்று குதித்தாய். மற்ற டிராயர் எல்லாம் கொடியில் ஈரமாகக் கிடந்தது. நான் உட்கார்ந்தேன். பெடலை மிதிப்பதும் நிறுத்துவதுமாகவே ஓட்டினேன். தையல் கோணலும் மாணலுமாக ஓடியது. நீ அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய். அன்று மத்தியானம் இன்னொரு துணியை எடுத்தேன். கைக்கு ஒருநாள் புத்தி மறந்துபோனால் அதற்காகத் தொழிலைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை ராசா. எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, உனக்கு நான் இருக்கிறேன்.

நீ திரும்பிப் போகும்போது அந்தக் கட்டரை என் பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போனாய். "இனி எதுக்கும்மா, நான் கடல்ல எறங்கப் போறதில்ல, கவுண்டர்லதான உக்காந்திருக்கப் போறேன்" என்றாய். நான் மூடியைப் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, மறைப்பானேன்? இனி பிள்ளை கரையில் இருப்பான். அப்புறம் ஒவ்வொரு தடவை நீ பேசும்போதும் கேட்டேன். சிலிண்டர் நிரப்பினேன், சீட்டுப் போட்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன் என்பாய். அவ்வளவுதான். தண்ணீருக்குள்ளிருந்து வந்து பேசுவாயே, அந்தக் குரல் வரவே இல்லை. பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அந்தக் குரலுக்கு ஏங்கினேன்.

நீ போனில் கேட்ட அதே வாரம், இந்த வருசம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவியபோது அந்த டப்பா கைக்கு வந்தது. உள்ளே கிடந்த கட்டரை எடுத்து மற்றச் சாமான்களோடு வைத்தேன். சந்தனத்தை இந்தத் தடவை அதன் உடம்பில் மட்டும் வைத்தேன், பள்ளத்தில் வைக்கவில்லை. பார், நான் தேறிவிட்டேன். மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்தேன். கத்தரியால் ஒரு துண்டு வெட்டினேன், மெஷினில் ஒரு முழம் ஓட்டினேன், அப்பா வண்டியைப் பேருந்து நிலையம்வரை ஓட்டிவிட்டு வந்தார். கட்டரை எடுத்து, நைலான் நூலை விறைப்பாகப் பிடித்து, மாட்டி இழுத்தேன். வெட்டவில்லை. இன்னொரு இழுப்பு இழுத்தேன். நூல் சிலும்பியதே தவிர அறவில்லை. சாசரை எடுத்துவைத்துத் திருகைக் கழற்றினேன்.

உள்ளே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பிளேடு முழுக்கத் துரு. பவள மணல் அப்படியே அப்பிக் கிடந்தது. நீ அதைக் கழுவவே இல்லை. தம்பி, உன்னை எனக்குத் தெரியும். சாப்பிட்ட தட்டை மறப்பாய், போட்ட சட்டையை மூலையில் வீசுவாய், ஆனால் இதைக் கழுவாமல் வைக்கிற பிள்ளை இல்லை நீ. கடலிலிருந்து ஏறியதும் அதைக் கழற்றி, கண்ணில் படாத இடத்தில் போட்டுவிட்டு, அப்படியே என்னிடம் ஓடிவந்திருக்கிறாய். எவ்வளவு பயந்திருந்தால் இதைக் கழுவக்கூட உன் கை போகவில்லை! அன்று மத்தியானம் நீ சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. சாசரில் கிடந்த அந்தத் துருவைப் பார்த்தபோது முழுசும் புரிந்தது. கடை என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுவிட்டு வேலையைப் பார்த்தேன். வெந்நீரில் ஊறப்போட்டு, பல் பிரஷ்ஷால் தேய்த்து, பள்ளத்தைத் துணி முனையால் துடைத்து, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். நம் ஊர் ஈரத்தில் சும்மா வைத்தால் எங்கே காயும்? பழைய பிளேடைப் பார்க்கப் பார்க்க, சாணை பிடிக்கிறவரிடம் ஒரு ஓட்டு ஓட்டலாமா என்று கை துறுதுறுத்தது. நீ சொன்னதை நினைத்து, காகிதத்தில் சுற்றித் தூரப் போட்டேன். டப்பாவில் எண்ணெய்க் காகிதத்துக்குள் நீ வைத்திருந்த புதுப் பிளேடை மாட்டினேன். திருகை ரொம்ப முறுக்கவில்லை, பிளாஸ்டிக் மரை விட்டுப்போகும் என்று சொன்னாயே. போன வருசம் நீ விட்டுப்போன சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. பிறகு நூலைக் கட்டி ஒரே இழுப்பு. டக்.

அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து தைத்தேன். உன் நெஞ்சளவு என்னிடம் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உன் அளவை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது நீ. பள்ளிக்கூடப் பை வாருக்குப் போடுகிற நைலான் பட்டையில், நைலான் நூலிலேயே இரண்டு உறை தைத்தேன். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. தண்ணீரும் மணலும் தங்காமல் இருக்க அடியில் ஓட்டை வைத்திருக்கிறேன். மடிப்பை ஒரு கையாலேயே பிரிக்கலாம். தைத்ததை உன் பழைய கோட்டில் குத்தி, அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். கோட்டு அவருக்கு வயிற்றருகே பூட்டவில்லை. "கண்ண மூடிக்கிட்டு, எந்தக் கையால எடுத்தாலும் வருதான்னு பாருங்க" என்றேன். வலது கையால் எடுத்தார், இடது கையால் எடுத்தார். ஜாக்கெட் வாங்க வந்த பெண் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றது.

திடீரென்று கண்ணைத் திறந்து, "ஏங்கிட்டயே வெளையாடுறியா? அப்ப நீ அவன வரச் சொல்லல" என்றார்.

"கடலுக்குப் போயிட்டு வரச் சொல்லப்போறேன்" என்றேன்.

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு, "எடதுபக்கத்து ஒற இன்னும் ஒரு வெரக்கடை மேல ஏறணும். அவனுக்கு எட்டாது" என்றார். பிரித்து ஏற்றித் தைத்தேன்.

ஆகவே பதில் இதுதான். பயந்து வராதே. இந்த வீடு உனக்கு எப்போதும் திறந்தே கிடக்கும், நீ ஆசைப்பட்டுத் திரும்பினால் நாளைக்கே இந்த மெஷினை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்துவிடுவேன். பயந்து வந்து இந்த மெஷினில் உட்கார்ந்தால், என் பக்கத்திலேயே இருந்தாலும் உன் குரலை நான் தேடிக்கொண்டுதான் இருப்பேன். அங்கே சீசன் தொடங்கப் போகிறது. முதலில் ஆழமில்லாத இடத்தில் சுனிலோடு இறங்கு. கரையிலேயே உறையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கை தானாக அங்கே போகிறவரை எடுத்து எடுத்து வை. ஒரு உறையில் உன் கட்டர் இருக்கிறது, இன்னொரு உறைக்கு அங்கேயே ஒன்று வாங்கிப் போடு. ஊருக்கு வரும்போது மறந்துபோய்க் கைப்பையில் வைத்துவிடாதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். காபி பூக்கிறபோது வா. பண்ணைக்காட்டுப் பக்கம் அப்பா வண்டியில் போகலாம். அதுவரைக்கும் எனக்குப் பொழுது போவது கஷ்டம்தான், அதை என்னவென்று சொல்வது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்சலை அப்பாவே கொண்டுபோய்ப் போடுகிறாராம், வேறு யாரையும் நம்ப மாட்டாராம். எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் செய். கடலிலிருந்து ஏறியதும், கட்டரைக் கழுவுவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு, குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிடு. பேச வேண்டாம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் போதும், நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா